விக்ரோலியில் ஒரு தில்லைவனம்

விக்ரோலி என்றவுடன் நம்மவர் நினைவில் தோன்றுவன யாவை? காலை நேரத்து மின்சார ரயிலின் நெரிசல், தொழிற்சாலைகளின் நெடுமதில்கள், மேற்கே குன்றின்மீது படிப்படியாக ஏறிச் செல்லும் குடியிருப்புகள், கிழக்கே கன்னம்வார் நகரின் அடுக்கு வீடுகள் ஆகிய இவையே. பிழைப்பு நாடி வந்த ஊரில் கண்டு களிக்க என்ன இருக்கிறது என்பது நம்முள் பலருடைய எண்ணம். காணத்தக்கன எல்லாம் பிறந்த ஊரில் உள்ளன. ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் சென்று அவற்றைக் கண்டு வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். நாமும் அவ்வாறு இருந்தவர்தாம். அவ்வெண்ணம் சென்ற சனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறியது. அது மாறிய வகையைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அன்று சங்கத்தைச் சேர்ந்த நான்கு குடும்பத்தினர் ஒன்றுகூடிப் புறப்பட்டோம். தாராவியிலிருந்து இரண்டு குடும்பம், செம்பூரிலிருந்து ஒன்று, விக்ரோலியிலேயே வாழ்வது ஒன்று. பெரியோரும் சிறுவருமாகப் பதினைந்து பேர். விக்ரோலிக் குடும்பத்தின் மூத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியார். கடலூர் மாவட்டத்துக் கிள்ளையில் பிறந்தவர். மணமாகி மும்பைக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆயின. குழந்தைகள் அனைவருக்கும் அவர் 'ஆயா'. "சதுப்பிலே பார்க்க என்ன இருக்கு? சேறும் கொசுவுந்தானே!" என்று வர மறுத்தவரைப் பத்து வயதுப் பேத்தி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

கல்

முதலில் அவர்களுடைய இல்லத்திற்குச் சென்று காலையுணவு உண்டோம். வீடு மேற்கு விக்ரோலியில், பார்க் சைட் குன்றின் சரிவில் உள்ளது. வீட்டின் பின்சுவரே கரும்பாறைதான். பாறையையொட்டிச் சுவர் எழுப்பினார்களா, பாறையையே சுவராகக் கொண்டார்களா என்று பிரித்தறிய இயலாது. பேத்தி அப்பாறையைக் காட்டி, "இவ்வளவு பெரிய கல்லை யார் ஆயா இங்கே கொண்டுவந்து போட்டாங்க?" என்று கேட்டாள். "யாரு கண்டா! நாங்க வந்தப்பவே கிடந்தது," என்றார் ஆயா. அனைவரும் நகைத்தோம். ஆயினும் அக்கேள்வி நகைப்புக்குரியதன்று. நம்முடன் வந்த ஆசிரியர் ஒருவர் அதற்கு விடை கூறத் தொடங்கினார். உண்ட தட்டுகளைக் கழுவவும் மறந்து கேட்டிருந்தோம்.

அக்கல்லை எவரும் கொண்டுவந்து போடவில்லை. அது நிலத்தின் வயிற்றிலிருந்து வந்தது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியில் நிலம் பிளந்து, எரிமலைக் குழம்பு பொங்கிப் பரவியது. ஒருமுறையன்று, பலமுறை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உறைந்த அக்குழம்பே தக்காணத்தின் கரும்பாறை. இன்றும் அது சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பை மூடியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதியும், கான்ஹேரிக் குகைகள் குடையப்பட்ட பாறையும், ஆயா துணி உலர்த்தும் பின்சுவரும் ஒரே நெருப்பின் மக்கள். டைனோசார் என்னும் பெருவிலங்குகள் உலகைவிட்டு நீங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. அந்தேரியிலுள்ள கில்பர்ட் குன்றைக் கண்டவர் அறிவர்: சுமார் 60 மீட்டர் உயரத்திற்குக் கற்றூண்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். எந்தச் சிற்பியும் செதுக்காத தூண்கள் அவை. குழம்பு மெல்ல ஆறிச் சுருங்கியபோது தாமே பிளந்து உண்டானவை.

ஒரு குழம்பு ஆறியபின் அடுத்தது வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் இடைவெளி உண்டாயிற்று. அவ்விடைவெளியில் பாறைப் பள்ளங்களில் நீர் தேங்கியது, புல் முளைத்தது, தவளை கத்தியது. வோர்லியில் அத்தகைய பழங்குளத்தின் படிவில் சிறு தவளைகளின் எலும்புருக்கள் கல்லாகிக் கிடைத்தன. அவற்றை 1847-ஆம் ஆண்டு ஆராய்ந்து எழுதியவர் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர். 'டைனோசார்' என்னும் பெயரை உலகுக்கு 1842-இல் அளித்தவரும் அவரே. பெருவிலங்குக்குப் பெயரிட்ட கை நம் மும்பைத் தவளைக்கும் பெயரிட்டது என்று ஆசிரியர் கூறியதும் சிறுவர்கள் கைகொட்டினர்.

மற்றொரு வியப்பும் உண்டு. 1870-களில் மும்பைத் துறைமுகத்தில் பிரின்ஸ் கப்பல்துறைக்காக நிலத்தைத் தோண்டியபோது, கடல் மட்டத்திற்குக் கீழே, சேற்றின் அடியில், ஒரு காடே கிடந்தது. பல மரங்கள் நின்றவாறே வேரூன்றி இருந்தன. அவை வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டியைத் தரும் கருங்காலி மரங்கள். கருங்காலி கடலில் முளைப்பதன்று. உலர்ந்த நிலத்து மரம். ஆகவே ஒரு காலத்தில் நிலமாக இருந்த இடம் பின்னர்த் தாழ்ந்து கடலுக்குள் சென்றது என்பது தெளிவு. கடல்கொண்ட நிலத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி புதிதாயினும் அயலாகத் தோன்றவில்லை.

இந்நிலத்தில் மனிதன் எப்பொழுது அடிவைத்தான்? காந்திவலியில் 1930-களில் டாட் என்னும் கடற்படை அதிகாரி பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். மண்ணுக்குள் கருவியைத் தேடும் இவ்வாராய்ச்சிக்கு இந்நாட்டில் வழி திறந்த இடம் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கோடரியைக் கண்டார். அதன்பின் அவர் கண்ட அத்திரம்பாக்கத்தின் கருவிகள் 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. பல்லாவரத்துக் கல்லும் காந்திவலிக் கல்லும் ஒரே தொழிலைச் செய்தவை: வெட்டின, கிழித்தன, தோண்டின.

ஆசிரியர் பேசி முடித்ததும் வீட்டுக்காரர் அமைதியாகச் சொன்னார்: "கல்லுக்கு 6 கோடி வயசு, அதன்மேல இருக்கிற மண்ணுக்கு உறுதியில்லை." அவர் எதை நினைத்துக் கூறினார் என்பது நமக்கு விளங்கியது. 2021-ஆம் ஆண்டு சூலை 18-ஆம் நாள் விடியுமுன், பெருமழையில், செம்பூரிலும் விக்ரோலியின் சூர்யா நகரிலும் சரிவுகள் இடிந்து, உறங்கியவர்மீதே விழுந்து பல உயிர்களைக் கொண்டன. அன்றிரவு இவ்வீட்டாரும் விழித்தே இருந்தனராம். வேரின் பிடிப்பு இல்லாத சரிவில் பெருமழை இறங்கினால் மண் நில்லாது. குன்றில் வாழ்வோர் குன்றை அறிந்திருப்பது பொழுதுபோக்கு அன்று என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

நீர்

குன்றிலிருந்து இறங்கி, ரயில் பாதையைக் கடந்து, கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்கு அப்பால் சென்றால் நிலம் மெல்லத் தாழ்ந்து தானே கழிமுகத்தைச் சேர்கிறது. கழிமுகத்தின் மேல்கரையில், விக்ரோலிப் பகுதியில், பெரும் சதுப்புக்காடு ஒன்று இன்றும் நிற்கிறது. 1940-களில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கு நிலம் வாங்க, அதில் தொழில் நகரம் எழுந்தது. கரையோரக் காடோ வெட்டப்படாமல் காக்கப்பட்டது. ஏறத்தாழ 1,750 ஏக்கர்ப் பரப்பு என்பர். முன்னதாக அனுமதி பெற்றே உள்ளே செல்லலாம். மராத்தி இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார்.

நுழைந்தவுடன் ஓசை மாறியது. நெடுஞ்சாலையின் இரைச்சல் பின்னே தேய்ந்தது. சேறு நுரைக்கும் சிற்றொலியும் எங்கோ ஒரு மீன்கொத்தியின் குரலுமே எஞ்சின. வழிகாட்டி முதலில் காட்டிய மரத்தைத் 'திவர்' என்றார். நம் கரையில் அதை வெண்கண்டல் என்றும் அலையாத்தி என்றும் அழைப்பர். அலையை ஆற்றுவதால் அலையாத்தி. இதனினும் பொருத்தமான பெயரை எவர் இட முடியும்? அம்மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பல்லாயிரம் குச்சிகள் மேல்நோக்கி நின்றன. ஒருவன் அவற்றை முளைகள் என்று எண்ணிப் பிடுங்கப் போனான். அவை முளைகள் அல்ல, மூச்சு வேர்கள். சேற்றினுள் காற்றில்லை, ஆகவே வேர் தலைகீழாக வளர்ந்து, வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. இலையைத் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. சற்று அப்பால் ஊன்றுகால்களோடு சுரபுன்னை நின்றது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நெடிய காம்பாகத் தொங்கி, பின்னர்ச் சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்கிறது.

பெரும் ஓதம் மட்டுமே எட்டுகின்ற சிறு மேட்டை அடைந்தபோதுதான் அந்நாளின் முதன்மையான நிகழ்ச்சி நடந்தது. பசிய இலைகளுக்கிடையே சில இலைகள் செக்கச் சிவந்திருந்த ஒரு மரத்தைப் பேத்தி கண்டு, கிளையை ஒடிக்கக் கை நீட்டினாள். அதுவரை புடைவையைத் தூக்கிப் பிடித்துச் சேற்றை வைதுகொண்டே வந்த ஆயா உரக்கக் கூவினார்:

"அம்மாடி, ஒடிக்காதே! தில்லை அது! பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும்!"

வழிகாட்டி திகைத்து நின்றார். தாம் கூறவிருந்த எச்சரிக்கையைத் தாம் அறியாத மொழியில் ஒரு மூதாட்டி கூறிவிட்டதை அவர் குறிப்பால் உணர்ந்துகொண்டார். மரத்தின் பெயரை மீண்டும் கேட்டு, தம் குறிப்பேட்டில் மராத்தி எழுத்தில் 'தில்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஆம், அது தில்லை மரமே. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களில் தில்லையும் ஒன்று. இன்று சிதம்பரம் நகருள் அதனைக் காண்பது அரிது. கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்பில் நிற்கிறது. ஆயா பிறந்த கிள்ளை பிச்சாவரத்தின் வாயிலில் உள்ள ஊர். அவருடைய தந்தையார் படகில் சென்று இறால் பிடித்தவர். 'தில்லையைத் தொடாதே' என்பது அவர் கேட்டு வளர்ந்த முதல் எச்சரிக்கைகளுள் ஒன்று.

ஆயா நெடுநேரம் அம்மரத்தையே நோக்கி நின்றார். பின்னர், "அம்பது வருசமா இது இங்கேயே நின்னுட்டிருக்கு. நான்தான் வந்து பார்க்கலை," என்றார். அவர் வீட்டிலிருந்து அவ்விடம் நடந்து செல்லும் தொலைவே.

அச்சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. நாமும் அவ்வாறு எத்தனையோ ஆண்டுகளாக, நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஓடும் பசுமையைப் பேருந்தின் சாளரம் வழியாகக் கண்டும் காணாமல் சென்றவர்தாம்.

பிச்சாவரத்தையும் இக்கழிமுகத்தையும் ஆயாவின் நினைவு மட்டும் இணைக்கவில்லை. நீர்நிலங்களைக் காப்பதற்கென ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. அதன் பட்டியலில் பிச்சாவரமும் தானே கழிமுகமும் சேர்க்கப்பட்டது ஒரே ஆண்டில், 2022-இல்! இத்தகைய காடுகள் செய்யும் பணியை நாம் அறியாதவர் அல்லோம். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரத்துக் காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் திறந்த கரையிலிருந்த ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. அடுத்த ஆண்டே, 2005 சூலை 26-ஆம் நாள், மும்பையில் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியது. மித்தி ஆற்றின் கரைகளில் கண்டல் காடுகள் அழிக்கப்பட்டதும், ஆற்றின் போக்கு நெருக்கப்பட்டதும் அத்துன்பத்தை மிகுவித்தன என்று அப்பொழுது பலரும் உணர்ந்தனர். தாராவியில் அன்று இடுப்பளவு நீரில் நின்றவர் இக்கூட்டத்திலும் இருந்தனர். அவ்வாண்டே மும்பை உயர்நீதிமன்றம் மாநிலமெங்கும் கண்டல் காடுகளை அழிப்பதற்குத் தடை விதித்தது. 2018-இல் அளித்த தீர்ப்பில், அவற்றை அழிப்பது குடிமக்களின் வாழும் உரிமையையே மீறுவதாகும் என்று கூறியது.

பறவையும் விலங்கும்

ஓதம் வடியத் தொடங்கியிருந்தது. சேற்றின்மேல் சிறு குழிகளிலிருந்து நண்டுகள் வெளிவந்தன. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பெரிது. அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கிறது. மீன் ஒன்று நீரைவிட்டுச் சேற்றில் துள்ளித் துள்ளி நடந்தது. தோலிலும் வாயிலும் ஈரம் இருக்கும்வரை அதனால் நீருக்கு வெளியே மூச்சுவிட முடியும். சேற்றில் ஓரிடத்தில் நாயின் சுவடு போன்ற தடம் இருந்தது. அது நரியின் தடமாகவும் இருக்கலாம் என்றார் வழிகாட்டி. இரண்டு கோடி மக்கள் வாழும் மாநகரின் ஓரத்தில், இக்கண்டல் காட்டினுள், நரிகள் இன்றும் வாழ்கின்றன. இருநூறுக்கு மேற்பட்ட பறவை வகைகளை இங்குக் கண்டு பதிந்துள்ளனர்.

மரங்களின் இடைவெளியில் கழிமுகம் தெரிந்த இடத்தில் நின்றோம். தொலைவில், சேற்றுப் பரப்பின்மேல், இளஞ்சிவப்புக் கோடொன்று தென்பட்டது. இருகண்ணாடியை வைத்து நோக்கியபோது அக்கோடு அசைந்தது. அத்தனையும் பூநாரைகள்! நம் நாட்டில் கோடிக்கரையில் இப்பறவையினத்தைக் கண்டவர் உண்டு. இங்கு மிகுதியாக வருவது அதில் சிறிய வகை. மழைக்காலம் கழிந்தபின் குசராத்தின் கட்ச் பகுதி முதலிய இடங்களிலிருந்து வந்து, கோடை முடிவில் திரும்புகின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நீரை வடிகட்டி நுண்பாசியை உண்கின்றன. அப்பாசியிலுள்ள நிறமே இறகிற்கு ஏறுகிறது. 2019-இல் எடுத்த கணக்கில் இவற்றின் தொகை ஒரு இலட்சத்தைக் கடந்தது. கணக்கெடுத்தது 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பறவையியலாளர் சாலிம் அலி தம் வாழ்நாட் பணியைச் செய்த கழகமும் அதுவே. கழிமுகத்தின் ஒரு பகுதியை 2015-இல் அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

இக்காட்சியில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. நகரின் கழிவுநீர் கழிமுகத்தில் கலப்பதால் பாசி பெருகியதும் இப்பறவைகள் திரளாக வருவதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நாம் ஒதுக்கிய கழிவில் அவை உணவு தேடுகின்றன. 2024-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் இரவு, விக்ரோலிக்கு அடுத்த காட்கோபரின் வானத்தில், இறங்கி வந்த விமானம் ஒன்று பூநாரைக் கூட்டத்தின்மீது மோதியது. 39 பறவைகள் மாண்டு, வீடுகளின் அருகே விழுந்தன. காலையில் அவற்றைக் கண்டவர்களுள் நம்முடன் வந்த ஒருவரும் உண்டு. "செவ்விறகு தெருவெல்லாம் கிடந்தது, கூட்டிப் பெருக்க மனம் வரவில்லை," என்றார்.

கோலமும் குழலும்

திரும்பி வரும் வழியில் ஒரு நெடுமதிலில் ஓவியம் தீட்டியிருந்தனர். செம்மண் நிறத்தின்மேல் வெண்கோடுகள். இரண்டு முக்கோணம் நுனியில் சேர்ந்தால் உடல், ஒரு வட்டம் தலை, கோடுகள் கைகால். சூரியனும் மயிலும் மரமும் நெல்லடிப்பவரும் அக்கோடுகளிலேயே உயிர்பெற்று நின்றனர். இவ்வோவியம் வார்லி மக்களுடையது. விக்ரோலிக்கு வடமேற்கே, போவாய்க்கு அப்பால், ஆரே வனத்திலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் அம்மக்களின் சிற்றூர்கள் உள்ளன. நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அப்பூங்காவில் ஐம்பதையொட்டிய சிறுத்தைகள் வாழ்கின்றன. சிறுத்தையையும் புலியையும் 'வாகோபா' என்று வழிபட்டு, அவற்றோடு அடுத்து வாழும் முறையை வார்லியர் அறிந்துள்ளனர்.

திருமண வீட்டில் மண்சுவரைச் செங்காவியால் மெழுகி, அரிசிமாவைக் கரைத்து, நுனி நசுக்கிய மூங்கிற்குச்சியால் வரைவது வார்லிப் பெண்களின் மரபு. 1970-களில் ஜீவ்யா சோமா மாஷே என்பவர் அதனைத் தாளிலும் துணியிலும் வரைந்து உலகறியச் செய்தார், 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2018-இல் மறைந்தார். இதனைக் கூறியவுடன் ஆயா, "அரிசிமாவா? நாம தரையிலே போடறதை அவங்க சுவத்திலே போடறாங்க!" என்றார். கலை நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர் ஒரே வரியில் கூறிவிட்டார்.

அவ்வோவியத்தின் நடுவில் ஒருவன் நீண்ட ஊதுகருவியை ஊதுகிறான். அவனைச் சுற்றிச் சுருள்வட்டமாக ஆடவரும் பெண்டிரும் கைகோத்து ஆடுகின்றனர். அக்கருவி 'தார்ப்பா'. உலர்ந்த சுரைக்குடுவை, மூங்கிற்குழல், பனையோலை ஆகியவற்றால் ஆகியது. நம் மகுடியிலும் சுரைக்குடுவை உண்டன்றோ? அறுவடைக்காலத்தில் காடு தந்த பொருளாலேயே காட்டுக்கு நன்றி சொல்லும் இசை அது.

இந்த இடத்தில் நம் முன்னோர் கருத்தொன்றை நினைத்துக்கொண்டோம். தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது, அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். மரமும் பறவையும் எவ்வாறு ஒரு நிலத்துக்கு உரியனவோ, அவ்வாறே இசையும் நிலத்துக்கு உரியது என்பது அவர் கொள்கை. நெய்தல் நிலத்துக்குரிய யாழ் விளரி என்று பின்வந்த இலக்கண நூல்கள் கூறும். தமிழிசையின் ஏழு சுரங்களுள் ஒன்றன் பெயரும் விளரியே. கடலுள் சென்றவர் திரும்பும்வரை கரையில் இரங்கி நிற்போரின் இசை அது. அவ்வாறே பழைய இசைநூல்கள் ஏழு சுரங்களையும் மயிலின் அகவல், குயிலின் கூவல், யானையின் பிளிறல் முதலிய ஒலிகளோடு இணைத்துக் கூறும். மனிதன் இசையை வெறுவெளியிலிருந்து பெறவில்லை. சுற்றிலும் கேட்டதிலிருந்து பெற்றான். வார்லியின் தார்ப்பாவும் நெய்தலின் விளரியும் அதற்குச் சான்று.

இவற்றையெல்லாம் நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. குறிஞ்சியும் நெய்தலும் தமிழகத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை. விக்ரோலியின் மேற்கே குன்றும் சிறுத்தையும், கிழக்கே கண்டலும் பூநாரையும். இடையே ரயில் பாதை. அப்பாதையின் இருபுறமும் நம் வீடுகள். நம்மை அயலார் என்று சிலர் சொன்ன காலம் உண்டு. நாமே நம்மை அவ்வாறு எண்ணிக்கொள்வதும் உண்டு. ஒரு நிலத்தின் மரத்தைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவரும், அதன் பாலுக்கு அஞ்சிக் குழந்தையின் கையை விலக்கத் தெரிந்தவரும் அந்நிலத்துக்கு எவ்வாறு அயலாராவார்? நிலத்தை அறியாமல் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது வாடகைக் குடியிருப்பே.

ஆயினும் அப்பெயர் எத்தனை நாள் நிற்கும்? அதுவே நம்மை வருத்தும் வினா. ஆயாவின் மகனுக்கு அம்மரம் தெரியவில்லை. பேத்திக்கோ அன்றுதான் தெரிந்தது. அவள் அன்று வராதிருந்தால், அல்லது ஆயா வராதிருந்தால், அச்சொல் அவ்வீட்டில் ஆயாவோடு முடிந்திருக்கும். பெயர் மறைந்தபின் மரம் வெறும் புதராகிவிடும்; புதரை வெட்டுவதற்கு எவரும் தயங்கார்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலம் கழிந்து கோடை முதிர்வதற்குள், ஓதம் வடியும் நேரத்தை அறிந்து, உரிய அனுமதி பெற்று, ஒருநாள் கழிமுகத்திற்குச் செல்லுங்கள். எதிர்க்கரையிலுள்ள ஐரோலியிலிருந்து படகில் சென்றும் பூநாரைகளைக் காணலாம். செல்லும்போது வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரையும் சிறுவர் ஒருவரையும் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூத்தவர் வர மறுப்பார், விடாதீர்கள். அவர் எதைக் கண்டு எப்பெயரைச் சொல்வார் என்பது முன்கூட்டியே எவருக்கும் தெரியாது.

அன்று மாலை வீடு திரும்பியதும், பேத்தி ஆயாவிடம் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, அம்மரத்தின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னாள். பள்ளியில் அவள் தமிழ் பயில்வதில்லை. ஆயா நடுங்கும் கையால் மூன்று எழுத்துகளை எழுதினார். பேத்தி அதன் கீழே அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முதல்முறை 'லை' பிழையாக வந்தது. இரண்டாம் முறை சரியாக வந்தது.